நாத்தனார் அழைத்து வந்த விருந்தாளிகள்

அனுப்புநர்:
தங்கும் விடுதி உரிமையாளர்,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு சுற்றுலாத் துறை அலுவலர் அவர்கள்.

பொருள்: பயண நிறுவனத்தின் பயணிகளை ஆசைகாட்டி இழுத்ததாக என்மீது வந்த புகார், விடுதி உரிமத்தை ரத்து செய்யும் நோட்டீஸ் – மறுப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிறுவனம் முதலில் பேருந்து மட்டும்தான் ஓட்டியது. பிறகு பக்கத்து விடுதியை வாங்கியது, அப்புறம் படகுகளை, கடைசியில் எங்கள் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தந்த சலவை நிலையத்தையும். எல்லாம் ஒரே குடையின் கீழ் என்று பலகை வேறு வைத்திருக்கிறார்கள். வெளியார் துணி எடுப்பதில்லை என்று சலவை நிலையம் கைவிரித்துவிட்டதால், நானும் என் கணவரும் மொட்டைமாடியில் துவைத்துக் காயப்போடுகிறோம். வாங்குவது அவர்கள் இஷ்டம். அதைப் பற்றி நான் புகார் சொல்ல வரவில்லை.

2. ஒரு விடுதி நிரம்பிவிட்டால், வந்தவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த விடுதிவரை கொண்டுபோய் விடுவது எங்கள் சாலை வழக்கம். என் நாத்தனார் பக்கத்து விடுதி வரவேற்பில் இருந்தவர். விடுதி கைமாறியபோது அவரும் சேர்ந்தே கைமாறினார். சென்ற மாதம் நிறுவனம் தன்னிடம் இருக்கிற அறைகளுக்கு மேல் முன்பதிவு செய்துவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் நின்றது. மேலாளர் போனை எடுக்கவில்லை. நாத்தனார் பழைய பழக்கத்தில் அவர்களை என் வாசலுக்கு அழைத்து வந்து, "அண்ணி, ரூம் இருக்கா? பாவம், குழந்தை அழுது அழுது தூங்கிடுச்சு" என்றார். இருந்தது, கொடுத்தேன்.

3. மறுநாள் நிறுவனத்தின் பேருந்தே என் வாசலுக்கு வந்து அவர்களை ஏற்றிப் போயிற்று. அப்போது எனக்கு நன்றி சொன்ன மேலாளர்தான் இப்போது புகாரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாத்தனாரின் வேலையும் போய்விட்டது.

4. நிறுவனத்தின் அனுமதியின்றி அதன் பயணிகளுக்கு இடம் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உரிமம் தப்பும் எனத் தங்கள் அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். எங்களுக்குச் சோறு போடுவது இந்த விடுதி ஒன்றுதான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதித் தரமாட்டேன். உரிமத்தை நான் வாங்கியது அரசிடம், நிறுவனத்திடம் அல்ல.

5. ஆகவே, நோட்டீஸைத் திரும்பப் பெற்று, அந்த மேலாளரை என் முன்னிலையில் விசாரிக்க வேண்டுகிறேன். நாத்தனாருக்குப் பழைய வேலையைக் கேட்கவில்லை. இப்போது என் விடுதி வரவேற்பில் அவர்தான் இருக்கிறார். ரத்து ஆணையைக் கொண்டு வருபவர் அதை அவர் கையில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மரியாதை குறையாமல் மறுக்கும்,

(கையொப்பம்)
விடுதி உரிமையாளர்

இடம்: படகுத்துறைச் சாலை
நாள்: விளக்கம் தரத் தாங்கள் குறித்த கடைசி நாள்