கிரீஸ் பட்ட கம்பி

உ

ஊரிகம்,
12-8-1967.

சிரஞ்சீவி சௌந்தரராஜனுக்கு உன் அப்பா சம்பங்கி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் வள்ளியும் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எங்களுக்கு நம்பிக்கை வரும், ஆகையால் மாதம் ஒரு கார்டாவது போட மறக்காதே. தங்கச்சி வள்ளிக்கு இது ஏழாம் மாதம், போன மாதக் கடைசியில் மாப்பிள்ளை வந்து விட்டுவிட்டுப் போனார். புளிச்சாதம் கேட்கிறாள், செய்து கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, உன் அம்மா அவளைத் திட்டிக்கொண்டே மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறாள். நம் லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீர் இப்போது ஒரு வேளைதான் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தீர்ந்துவிடுமே என்று பயந்து பூசாமல் வைத்திருக்கிறாள். எனக்கு இருமல் உண்டு, அது இந்த ஊரில் யாருக்கு இல்லை.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆயிற்று. பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று நீ நினைத்திருப்பாய். இதுவரை எழுதிய குழாயும் தைலமும்கூட நேரத்தைக் கடத்தத்தான் எழுதினேன் சௌந்தரா. நீ கேட்டிருந்தது ஒரே விஷயம். உங்கள் மெஷின் ஷாப்பில் இருக்கும் சிநேகிதன் உன் கிடாரில் சுருதி திருகுவதற்குப் புதிதாகப் பூட்டுச் சாவிகள் கடைந்து தருகிறேன் என்கிறான், கம்பியைச் சுற்றுகிற தண்டில் ஓட்டை போட்டு ஒரு சின்ன திருகால் கம்பியை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை இழுத்தாலும் நழுவாது, நீங்கள் இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்து ரோப்போடு வேலை செய்தவர், இது பிரயோஜனமா இல்லையா சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கு மேலே இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாய். கல்கத்தா ஹோட்டல் பேண்டுக்கு செப்டம்பர் பத்தாம் தேதி வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், போவதா வேண்டாமா தெரியவில்லை, பெங்களூரில் நடந்தது மாதிரி மறுபடி ஆனால் தாங்க மாட்டேன், நீங்கள் அன்றைக்குச் சொன்னதுபோல என் கைதான் சரியில்லையோ என்னவோ என்று. அந்த வரியை வள்ளிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள், என் மூக்குக்கண்ணாடி உடைந்து கிடந்தது. கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். வள்ளி என்னப்பா என்று கேட்டாள், இருமல் என்றேன்.

உன் கை சரியாகத்தான் இருந்தது. சாவியும் சரியாகத்தான் இருந்தது. கெடுத்தவன் நான். நாலு வருஷமாக இதை வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன், இப்போது எழுதும்போதும் பேனா ஓடவில்லை.

நீ பேண்டுக்கு வாசித்துக் காட்டப் பெங்களூருக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். முந்தின நாள்தான், உனக்குக் கிடாரை விற்று ரிப்பேரும் பார்த்துக் கொடுத்த மாரிகுப்பம் மரியகுழந்தை வீட்டுக்குப் போய் ஆறு கம்பியும் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தாய். காலையில் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது நீ குளிக்கப் போயிருந்தாய், கிடார் கட்டில் மேல் இருந்தது. உனக்கு ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்று மனசுக்குள் இருந்தது, எனக்கோ பாட்டும் தெரியாது ஒன்றும் தெரியாது. சாவி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், கிறீச் என்றது. அட இதற்கு நம்மிடம் மருந்து இருக்கிறதே என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி நினைத்துக்கொண்டேன். சுரங்கத்தில் ஷாஃப்ட் ரோப்புக்குப் போடுகிற கிரீஸ் கொஞ்சம் என் டிபன் பைக்குள் எப்போதும் இருக்கும், அதை எஞ்சின் ஆயிலில் கரைத்து, ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் தளர்த்தி, சாவித் தண்டில் சுற்றியிருக்கிற சுற்றுக்குள் எல்லாம் இறங்குகிற மாதிரி துணியில் தொட்டு வைத்தேன். புதுக் கம்பி துருப்பிடிக்காமல் வருஷக்கணக்கில் இருக்கும் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டேன், தொட்டது தெரிந்தால் நீ கோபிப்பாய் என்று. நீ வந்து சுருதி சேர்த்துக்கொண்டாய். வாசனை உனக்கு எப்படித் தெரியும், நம் வீட்டில் என் சட்டை, பாய், தலையணை எல்லாமே அந்த வாசனைதானே.

அங்கே மேடையில் என்ன நடந்தது என்று நீ சொல்லித்தான் தெரியும். முதல் பாட்டுப் பாதியிலேயே இரண்டாவது கம்பி இறங்கியது, நிறுத்தித் திருகினாய், மறுபடி இறங்கியது, அப்புறம் மூன்றாவதும். பேண்டுக்காரர்கள் சிரித்தார்கள், வீட்டில் பழகிவிட்டு வா தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். நீ திரும்பி வந்து கிடாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். மறுநாள் நான் என்ன சொன்னேன். கை வராதவன் கம்பியைக் குத்தம் சொல்லக் கூடாது, ஒழுங்காய் பிலாய் இரும்பாலை வேலைக்குப் போ என்றேன். அத்தோடு விட்டேனா, அடுத்த ஞாயிறு மாரிகுப்பத்துக்கு நடந்துபோய், மாதா கோயில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம் பார்த்து, மரியகுழந்தையை நிற்கவைத்து, ஓட்டை சாவி வச்ச கிடாரை எம் புள்ள தலையில கட்டிட்டியே, நீ இன்னா மனுசன் என்று கத்திவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவனிடம் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தது ஒன்பது நாள் கழித்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றுகிற கேஜ் மாட்டுகிற நுனியில் ரோப்பை வெட்டிப் புதுப் பிடி போடுவோம். ரோப் முழுக்க கிரீஸ் போடலாம், போடத்தான் வேண்டும், ஆனால் பிடி போடுகிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு இருக்கக் கூடாது, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துணியால் துடைத்துக் காயவைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களோடு கேஜ் போய்விடும். இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுப்பது. அன்றைக்கும் புதிதாக வந்த முனியப்பனிடம், பிடிக்கிற எடத்துல கிரீஸ் இன்னாத்துக்குடா என்று சத்தம் போட்டேன். போட்ட வாயோடு அப்படியே நின்றுவிட்டேன். கிடார்க் கம்பிக்கு கிளாம்ப் ஏது, திருகு ஏது, தண்டில் சுற்றின அந்த இரண்டு மூன்று சுற்றின் பிடிதானே எல்லாம். அங்கேதான் பார்த்துப் பார்த்துத் தடவியிருக்கிறேன்.

அன்றைக்கே வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ இன்னும் ஊரில்தான் இருந்தாய், ரயிலுக்கு நாலு நாள் இருந்தது. சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட அசிங்கமான ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. பையன் ஹோட்டலில் வாசித்துக்கொண்டு திரியாமல் பென்ஷன் உள்ள வேலைக்குப் போகிறான், சொன்னால் மறுபடி பெங்களூர் என்பான், எதற்கு என்று நினைத்தேன். தெரியாமல் செய்தது கிரீஸ், தெரிந்தே செய்தது இது. நீ கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினபோது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் எடுத்துக்கொண்டு போகிறானே என்று எனக்குள் எரிச்சல்கூட வந்தது. இப்படிப்பட்ட அப்பன்.

போன ஞாயிற்றுக்கிழமை மரியகுழந்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும், வாங்க மேஸ்திரி, உக்காருங்க, புள்ள நல்லா கீறானா என்றான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எனக்கு அப்பவே தெரியும் மேஸ்திரி, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சௌந்தர் கம்பி மாத்த எடுத்தாந்தான், மோந்து பார்த்தேன், ஷாஃப்ட் வாசனை அடிச்சுது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுப் புதுசு கட்டிக் குடுத்தேன் என்றான். அப்போ ஏன்யா அவன்கிட்ட சொல்லல என்று கேட்டேன். அப்பாவைப் பத்திப் புள்ளைகிட்ட இன்னான்னு சொல்றது, நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் என்றான். நாலு வருஷம் இருந்திருக்கிறான். ஊர் ஜனம் முன்னால் வாங்கின பேச்சையும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நாளைக்கு ஞாயிறு, பூசை முடிகிற நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்று, தப்பு என்னுடையது என்று அதே ஜனங்கள் முன்னால் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்கிறான், நான் போகத்தான் போகிறேன்.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள்தான், அவனுக்கு எழுதினீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதனால்தான் இன்று உட்கார்ந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பூட்டுச் சாவி தப்பில்லை, நல்ல வேலைதான், கம்பி மாற்ற நேரம் மிச்சம், அன்றைக்கு உன் கிடாரில் அது இருந்திருந்தால் என் கிரீஸையும் மீறி நின்றிருக்கும். ஆனால் உனக்குத் தேவையில்லை என்று மரியகுழந்தையும் சொல்கிறான், நானும் சொல்கிறேன். தண்டில் ஓட்டை போட்டால் தண்டு மெலியும், பெரிய சாவிக்காகத் தலைக்கட்டையைத் துளைத்தால் விரிசல் விடும், பத்தாம் தேதியை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். கம்பியை உலர்ந்த கையால் கட்டு. தண்டில் மூன்று சுற்று, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நெருக்கிச் சுற்று. கட்டினதும் ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மேலே இழுத்து விட்டுச் சுருதி சேர், நாலைந்து தரம் செய்தால் அதுவே அடங்கிவிடும். அப்புறமும் திருகும்போது டிக் என்று சத்தம் வந்தால் குறை சாவியில் இல்லை, கழுத்துக்கு மேலே கம்பி உட்காருகிற எலும்புத் துண்டில் சிக்குகிறது என்று அர்த்தம், அந்தப் பள்ளத்தில் பென்சிலால் நாலு கோடு போட்டால் போதும் என்கிறான் மரியகுழந்தை. சாவியின் பல்லுக்கு வேண்டுமானால் ஒரு சொட்டு எண்ணெய், தண்டுக்குக் கிட்டே கொண்டுபோகாதே. இதை நான் உனக்குச் சொல்கிறேன் பார்.

கல்கத்தாவுக்குப் போ. லீவு கிடைக்காவிட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு, அது பொய்யும் இல்லை. எடுத்துக்கொண்டால் சேர்ந்துகொள், எடுக்காவிட்டாலும் இந்த முறை உன் கையால் வாசித்ததற்குப் பதில் கிடைத்தது என்று இருக்கும். பென்ஷனைப் பற்றி நான் இனி வாய் திறக்க மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ கோபமாகவே பதில் எழுதினாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் கும்பிட்டுக்கொள்கிறோம், வள்ளி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

மறக்காமல் பார்சலை வாங்கிக்கொள், நேற்றுத் தனியாகப் போட்டிருக்கிறேன். உள்ளே ஆறு கம்பி இருக்கிறது. மரியகுழந்தை தன் கையாலேயே சுருட்டிக் காகிதத்தில் மடித்து வைத்தான். மேல்துணியைத் தைத்தது மட்டும்தான் நான், கம்பியைத் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சம்பங்கி