ஏழு வீட்டுக்கு ஒரு சோற்றுப் பானை

தூத்துக்குடி,
19-8-46

அன்பு மகன் வெள்ளத்துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் எப்போதும் முதல் வரியில் எழுதுவேன், இந்தத் தடவை அதை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏன் என்று முழுக்கப் படித்தால் தெரியும். நீ சுகமாக இரு, ஈரத் தலையோடு காலேஜுக்குப் போகாதே, பட்டணத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே.

போன மாதம் நம் சந்துக்கு ஜெபசிங் என்று ஒருவன் வந்தான், சாயர்புரத்துக்காரனாம். கையில் பெரிய நோட்டு, காலில் பளபளவென்று பூட்ஸ். ஊரில் யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறானாம். அடுப்பில் என்ன இருக்கிறது, ஒரு பாயில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், மாற்றுச் சேலை உண்டா என்றெல்லாம் முதல் நாள் எதிர்ச் சந்தில் கேட்டிருக்கிறான். அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கிறவனுக்கு நல்ல எண்ணம் இருக்குமா, நீயே சொல். உப்பளத்துக்குப் போகிற நம் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் ஓடி வந்து, 'யக்கா, துறைமுகத்துக்கு இடம் வேணுமாம், கஞ்சிக்கில்லாதவங்க இருக்குத சந்தாப் பாத்துக் காலி பண்ணப் போறாங்களாம், அதுக்குத்தான் இவன் வாரான்' என்றாள். உடனே சந்தின் ஏழு வீட்டுப் பொம்பளைகளையும் நம் வாசலில் கூட்டினேன். உன் அய்யா மட்டும், 'ஏளா, உள்ளதச் சொல்லிட்டுப் போ' என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

யோசனை என்னுடையதுதான், ஒளிக்க மாட்டேன். பெண் பார்க்க வருகிற அன்று நம் சந்தில் செம்பும் ஜமுக்காளமும் வீடு மாறுவது உனக்குத் தெரியும். அதே மாதிரி, ரேஷனில் வாங்கி வைத்த அரிசி முழுவதையும் நம் வெண்கலப் பானையில் வடித்தேன். அவன் நம் வீட்டில் எழுதி முடித்து வாசல் இறங்குவதற்குள் பானை புறவாசல் வழியாகப் பேச்சித்தாய் அடுப்புக்குப் போய்விட்டது. இப்படியே ஏழு வீட்டுக்கும். எல்லாரும் மூன்று வேளையும் சோறு என்று அடித்துச் சொன்னோம். ஐந்தாம் வீட்டில் அவன் பானையின் நெளிந்த விளிம்பை உற்றுப் பார்த்தானாம், சிரித்தானாம். தெரிந்தேதான் எழுதினானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். அவன் போனதும் ஏழு வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சோற்றைப் பங்கிட்டுத் தின்றார்கள், அம்மன் கோயில் கொடை நாள் மாதிரி ஒரே கும்மாளம்.

போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து எதிர்ச் சந்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சித் தொட்டி திறந்திருக்கிறார்கள். அதற்குத்தான் அவன் வந்தானாம். பேச்சித்தாயின் சின்னவள் செல்லக்கிளிக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டியோடு போனவளை, 'உங்க சந்து பேரு இதுல இல்ல, வசதியான சந்துன்னு எழுதியிருக்கு' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவள் காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நான் போய் உண்மையைச் சொன்னேன், அன்றைக்குச் சொன்னது பொய்யா இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்கிறார்கள். அதனால் அந்தப் பெரிய மனிதர்களுக்கு நீ இங்கிலீஷில் ஒரு மனு எழுதி உடனே எனக்கு அனுப்பு. பானையும் என்னுடையது, பொய்யும் என்னுடையது, பகவதி என்று என் பெயரையே போடு, நான் கையெழுத்து வைக்கிறேன்.

நீயும் வாத்தியார் சொல்லி நோட்டோடு வீடு வீடாகப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே. எழுதுவதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் உன் வாத்தியாரிடம் கேள். போகிற வீட்டில் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம் அடுப்பைப் பார். பொம்பளைகள் சொல்வதை அப்படியே எழுதாதே, பிள்ளைகளின் கை காலைப் பார்.

இனி அந்த முதல் வரி. இரண்டு வருஷமாகச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று உனக்கு எழுதியதும் ஜெபசிங்கிடம் சொன்ன மாதிரிதான். உன் அய்யாவுக்குத் துறைமுகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. இதைக் கேட்டுப் படிப்பை விட்டு ஓடி வந்தால் வீட்டுக்குள் விட மாட்டேன். திருச்செந்தூர் முருகன் உனக்கு ஆயுசையும் படிப்பையும் தரட்டும். மனுவை மறக்காதே, செல்லக்கிளி காத்திருக்க மாட்டாள். காலேஜில் படிப்புக்குத் தருகிற உபகாரச் சம்பளத்தில் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறேன் என்று நீயும் மாதா மாதம் எழுதுகிறாய். நீ என் வயிற்றில் பிறந்தவன், அதனால் எனக்கு அதிலும் சந்தேகம்தான். பதிலில் உள்ளதை எழுது.

உன் அம்மா
பகவதி