வாரிசுப் பட்டியல்

வாய் திறக்காத தங்கைக்கு,

கிடங்கு கட்ட அரசு எடுத்த அப்பாவின் நிலத்தில் மிஞ்சியதைத் திருப்பித் தருகிறார்களே, அந்த உத்தரவை வாங்க உன் அலுவலகத்துக்குப் போனேன். நீ விடுப்பு.

"மத்த நாப்பது குடும்பத்துக்கும் வீடு வீடா அலைஞ்சு வாரிசைக் கண்டுபிடிச்சது அவங்கதான் சார். உங்க மனுவை மட்டும் பிரிச்சுப் பார்த்துட்டு, 'எங்க வீட்டு விஷயம், நான் தொடக்கூடாது'ன்னு என்கிட்ட குடுத்துட்டாங்க," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

பிரித்துப் பார்த்தாய் என்றால், வாரிசு என்று நான் என்னை மட்டும் எழுதியிருந்ததையும் பார்த்திருப்பாய். நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

உத்தரவை வாங்கவில்லை. உன்னையும் சேர்த்துப் புது மனு கொடுத்துவிட்டேன். இன்னும் ஆறு மாதம் இழுக்குமாம், இழுக்கட்டும். அளக்கும்போது நீயும் வா. கிணறு இருக்கிற பக்கம் உனக்கு.

உன் அண்ணன்