நம்ம தலைவருக்கு எத்தனை வருஷம்?

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் பத்து மணி வரைதான். அதற்குள் மொழிபெயர்ப்பு. பர்மியப் பிள்ளைகளின் ஆன்லைன் பாடம்: அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல்களின் வரலாறு. வியாழன் கெடு.

சப்பென்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லவே இல்லை! முதலில் பல இடங்களில் ஆளுநரைச் சட்டசபையே தேர்ந்தெடுத்ததாம், ஜனங்கள் இல்லை. சில மாநிலங்களில் பதவி ஒரே வருஷம். பிறகு இரண்டு. இப்போது பெரும்பாலும் நாலு. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் இரண்டிலேயே. வர்ஜீனியாவில் முடிந்ததும் இறங்கியாக வேண்டும். உடனே மறுபடி நிற்க முடியாது.

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அவன் எப்ப இறங்கினா நமக்கென்ன?"

"நம்ம சங்கத் தலைவர் எப்ப இறங்குவார்?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பர்மிய மரியாதைப்படி எல்லாரும் 'ஊ' சேர்த்துக் கூப்பிடும் தங்கவேலு ஐயா என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். என் மகள் இப்போது பத்தாவது.

ஜூலை 8, செவ்வாய்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் சந்தைப் பக்கம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு.

நூலகம் பார்க்கும் செல்வி, பர்மிய வழக்கில் மா செல்வி, அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் கரையான். கீழே பழைய விதிப் புத்தகம், கையெழுத்துப் பிரதி. ஏழாம் விதி: தலைவர் பதவி இரண்டு வருஷம். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது.

இருக்கிறது! எழுதியே வைத்திருக்கிறார்கள்! மா செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "சயாமா, வம்பு வேண்டாம்." பர்மிய மொழியில் டீச்சரம்மா; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். போனில் படம் எடுத்தேன், மூன்றாவதுதான் தெளிவு.

ஜூலை 10, வியாழன்

மொழிபெயர்ப்பு அனுப்பியாச்சு.

ஞாயிறு பொதுக்கூட்டம், தலைவர் தேர்வும் அன்றுதான். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுந்து கேட்க மனசு வரவில்லை. அப்பா செத்தபோது மயானத்துக்கு ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்தவர் அவர். முதலில் ஐயா வீட்டுக்கே போய்க் கேட்கலாம் என்றேன், வீட்டுக்காரர் போகாதே என்றார். போனேன்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தார்.

"இது என் கையெழுத்தும்மா. அப்ப நான் செயலாளர். அந்தக் காலத்துத் தலைவர் இறங்க மாட்டேன்னு உட்கார்ந்திருந்தார். அவரை இறக்கத்தான் எழுதினேன்."

"மறந்துட்டீங்களா ஐயா?"

"மறக்கலை. யாரும் கேக்கலை."

தேநீர் ஆறிப்போச்சு. வாசல் வரை வந்து குடை எடுத்துக் கொடுத்தார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

ஐயாவே எழுந்து ஏழாம் விதியைப் படித்தார். "நான் நிக்கலை."

அவர் தம்பி மகன் குமார் பெயர் வந்தது. வேறு பெயர் இல்லை. பின் வரிசையிலிருந்து மா செல்வி, வம்பு வேண்டாம் என்றவளேதான்: "சயாமா நிக்கட்டும்!"

"பொம்பளையா?" என்றது ஒரு குரல்.

"ஏன், விதியில கூடாதுன்னு இருக்கா?" இது என் வீட்டுக்காரர்! அவரா! சபையில் வாய் திறந்தே பார்த்ததில்லை.

சீட்டு எழுதிப் போட்டார்கள். பிஸ்கட் டப்பாதான் பெட்டி. குமார் 26. நான் 31.

முப்பத்தொன்று!

குமார் வந்து கும்பிட்டான், முகம் மட்டும் சரியில்லை. ஐயா பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன், டாக்ஸி கிளம்பியாச்சு. சந்தோஷத்துக்கு நடுவே அது ஒன்று உறுத்துகிறது.

ஜூலை 14, திங்கள்

வெயில். மொட்டைமாடி முழுக்கத் துணி.

எட்டு மணிக்கு ஐயா வீட்டம்மா போன். திட்டப்போகிறார் என்று பயந்தே எடுத்தேன்.

"ராத்திரி பேசவே இல்லைம்மா. காலையில எழுந்தவர், மொய்ங்கா நூடுல்ஸ் வாங்கிட்டு வரேன்னு தானே பையை எடுத்துட்டுப் போயிருக்கார். அவர் கடைக்குப் போயி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" சிரிக்கிறாரா அழுகிறாரா. பிறகு, "சங்கத்துச் சாவிக்கொத்தை மேசை மேல வெச்சிருக்கார். எது எந்தப் பூட்டுக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நாலு மணிக்கு வருவியான்னு கேக்கச் சொன்னார்."

போகிறேன். என்ன புடவை கட்டுவது?