படுத்திருக்கத் தெரியாத ஹவில்தாருக்கு

நைனா,

உன் பேருக்கு வந்த பழுப்பு உறை ஒரு வாரமாக என் இங்கிலீஷ் புத்தகத்துக்குள் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே சர்க்கார் கோந்து நாறுகிறது. தபால்காரர் ஷெட்டு வாசலில் நின்று, "ஹவில்தார் கீறாரா?" என்று கேட்டிருக்கிறார். லாசர் மாமா, "அவரு போயி நாப்பது நாளாவுது. எங்க கடுதாசியெல்லாம் அந்தப் பொண்ணுதான் பார்க்கும்" என்று எங்கள் மளிகைக் கடையைக் காட்டியிருக்கிறார். நான் பிரித்துப் படித்தேன். செத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றமா என்று தெரியாது. குற்றமென்றால் வந்து பிடிக்கட்டும். ஜீப்பில் வரட்டும், இரண்டு மணி நேரம் தாமதமாக வரட்டும். அவர்களுக்கு அதுதானே பழக்கம்.

இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன், கேள். "மனு செய்த சங்கத்தின் உறுப்பினர்கள் ஆறு பேரும் நல்ல உடல்நலத்துடனும் ராணுவ மிடுக்குடனும் இருப்பதை அதிகாரி நேரில் கண்டார். ஆகவே பராமரிப்பு இல்லம் கட்ட மானியம் வழங்கவேண்டிய அவசியம் தெரியவில்லை." கீழே மண்புழு மாதிரி ஒரு கையெழுத்து.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை என்றதும் அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாம் பழகியதே என் கொழுப்பால்தான். சண்டை நடந்தபோது மிலிட்டரிக்காரர்கள் துறைமுகத்து மதிலோரம் போட்டுவிட்டுப் போன தகர ஷெட்டில் நீங்கள் ஆறு பேர் கிடந்தீர்கள். பஸ்ராவில் கப்பல் சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து உன் இடுப்பில் பெட்டி விழுந்திருந்தது. இரண்டு கக்கத்திலும் கட்டை இல்லாமல் உன்னால் ஓர் அடி வைக்கமுடியாது. லாசர் மாமாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே பர்மாவிலேயே தங்கிவிட்டது. தேசப்பன் மாமாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மற்ற மூன்று பேரில் ஒருவருக்குக் கை இல்லை, ஒருவருக்கு மூச்சு இல்லை, ஒருவருக்கு நேற்று நடந்தது நினைவில்லை. பார்த்துக்கொள்ள யாருக்கும் ஆளில்லை. நான் ஒருநாள் சுண்ணாம்புக் கட்டியால் உங்கள் தகரச் சுவரில் எழுதிவைத்தேன்: "பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும்."

புளியந்தோப்பிலிருந்து ஒருவன் தள்ளுவண்டியோடு வந்து உன்னிடமே விலை கேட்டான். நீ கட்டைகளை ஊன்றிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தாய். அப்பா விசிறிக் காம்பை எடுத்தார்.

"அடிக்காதீங்கோ அண்ணாச்சி" என்றாய். "கையெழுத்து முத்து முத்தா கீது. பாப்பா, இங்கிலீஷ்லயும் இதே மாரி எழுதுவியா?"

தண்டனையாக ஒரு மனு எழுதச் சொன்னாய். ஒன்றே ஒன்று என்றாய். ஊனமான சிப்பாய்களுக்கு இல்லம் கட்டச் சர்க்கார் மானியம் தருகிறது என்று யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். முதல் மனு திரும்பி வந்தது: தனி ஆட்களுக்குக் கிடையாது, சங்கம் வேண்டும். சங்கம் பதிந்தோம். நீ தலைவர், லாசர் மாமா செயலாளர், மற்ற நால்வர் உறுப்பினர். எதிர்க்கட்சிக்கு ஆள் இல்லாததால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மனுவும் திரும்பி வந்தது: நிலம் எங்கே? நீ அந்தக் கட்டைகளோடு மீன் மண்டி மண்டியாக ஏறி இறங்கினாய். கடைசியில் ஒரு மண்டிக்காரர் திருவொற்றியூரில் சும்மா கிடந்த மூன்று கிரவுண்டை எழுதிக் கொடுத்தார். அன்றே நீ கூரை போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். "உத்தரவு வந்தாத்தான் உத்திரம் ஏறும் நைனா" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய்.

மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று. "தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்கள்" என்று அவர் ஒரு வரி எழுதவேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் செங்கல் சுவர் இருந்தது, மழை ஒழுகாத கூரை இருந்தது, உங்களைப் புரட்டிப் படுக்கவைக்கவும் குளிப்பாட்டவும் சம்பளத்துக்கு இரண்டு ஆள் இருந்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புட்டி சிவப்பு மை சுட்டுக்கொண்டு வந்தேன். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுகள் போட்டுப் பார்த்தேன். தேசப்பன் மாமாவுக்கு முனகக் கற்றுக்கொடுத்தேன். அவர் சினை எருமைபோல முனகினார். ஷெட்டே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தெல்லாம் வேணாம் பாப்பா. பொய்யி."

"சரி, மை வேணாம். சும்மா படுத்துகினு இருங்க. அது போதும்."

"ஆபீசர் வரச்சொல்ல படுத்துகினு கீறவன் சிப்பாயா?"

"நீ இப்ப சிப்பாய் இல்ல நைனா. நோயாளி. ஃபாரத்துல அப்டித்தான் எழுதிக்கீறேன்."

அதோடும் எனக்கு வாய் நிற்கவில்லை. "மானியம் கேக்கிறவன் மானத்தைக் கொஞ்ச நேரம் கழட்டி ஆணியில மாட்டணும்" என்றேன்.

"சட்டையத்தான் ஆணியில மாட்டுவாங்கோ" என்றாய். "இத்த மாட்டினா திரும்ப எடுத்துப் போட்டுக்க முடியாது."

நன்றாகத்தான் பேசினாய். நன்றாகப் பேசிப் பேசியே கெட்டாய்.

அந்த மை எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் பொய்ப் பக்கம் அவ்வளவு தூரம் போகாமல் இருந்திருந்தால், நீ எதிர்ப்பக்கம் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டாயோ என்னவோ. தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

அந்த நாள் காலை வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். ஷெட்டு வாசலில் ஆறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தீர்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காக்கி. புளி போட்டுத் தேய்த்த மெடல்கள். மழமழவென்று சவரம். கட்டைகள் ஒன்றையும் காணோம். பின்பக்கம் கிழிந்த பாய்மரத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தீர்கள். லாசர் மாமா காற்சட்டையின் வலது காலுக்குள் தேங்காய் நாரைத் திணித்து, அடியில் பூட்ஸ் மாட்டித் தகரத்தில் சாய்ந்திருந்தார். கை இல்லாதவர் வெறும் சட்டைக்கையைப் பாக்கெட்டுக்குள் செருகியிருந்தார். தேசப்பன் மாமாவுக்கு, ஜீப் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று சொல்லிக் கொடுத்திருந்தாய். நீ பின்னாலிருந்த கம்பத்து ஆணியில் இடுப்பு பெல்ட்டைக் கோத்துக்கொண்டு நின்றாய். மாட்டமாட்டேன் என்று சொன்னவன், உன்னையே ஆணியில் மாட்டிக்கொண்டு நின்றாய் நைனா.

பத்து மணிக்கு வரவேண்டியவர். பன்னிரண்டுக்கு வந்தார். இரண்டு மணி நேரமும் நான் உன்னிடம் கெஞ்சினேன். "ஒக்காரு நைனா. ஜீப்பு வந்தா நான் சொல்றேன்." உன் கன்னத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. நீ கடற்கரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதிகாரி இளவயதுக்காரர். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வெரி ஸ்மார்ட்" என்றார். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"நல்லா கீறோம் சார்" என்றீர்கள் ஆறு பேரும். ஒரே குரல். மூச்சு இல்லாதவருக்குக்கூட அதற்கு மூச்சு இருந்தது.

நான் குறுக்கே போனேன். "சார், அவருக்குக் கண்ணு தெரியாது. அவருக்குக் காலே இல்ல, உள்ள தேங்கா நாரு. தொட்டுப் பாருங்க."

அதிகாரி தேசப்பன் மாமாவைப் பார்த்தார். தேசப்பன் மாமா சரியாக அவர் பக்கம் திரும்பி ஒரு சல்யூட் அடித்தார். அதிகாரி சிரித்துவிட்டு உன்னிடம் கேட்டார்: "யாரு இந்தப் பொண்ணு?"

நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய். "பக்கத்து வூட்டுப் பொண்ணு சார். குறும்பு ஜாஸ்தி. இன்னாவாச்சும் சொல்லிகினே இருக்கும்."

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஒருவரும் என்னைப் பொய்க்காரி என்று சர்க்காரிடம் சொன்னதில்லை. உண்மையைச் சொன்ன அன்றைக்கு நீ சொன்னாய். என் மையைப் பொய் என்றாயே, நீங்கள் ஆறு பேரும் அங்கே நின்றதற்கு என்ன பேர்?

ஜீப் திரும்பி மறைந்ததும் பெல்ட்டை எடுத்துவிடச் சொன்னாய். எடுத்தேன். மூட்டைபோல விழுந்தாய். அதற்குப் பிறகு நீ எழுந்திருக்கவேயில்லை.

மறுநாள் வந்து, "ஏன் நைனா?" என்றேன்.

"ஆபீசர் கேட்டா வாயி தன்னால அப்டித்தான் சொல்து பாப்பா. வேற எத்தும் வரமாட்டேங்குது." பிறகு நீயே, "இன்னோரு மனு எழுதிப் போட்டுடலாமா? உள்ளத உள்ளபடி?" என்றாய்.

"குறும்புக்காரி எழுதினா எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மூன்று வாரம் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. அரிசியும் பீடியும் கடைப்பையன் கையில் கொடுத்தனுப்பினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அவனிடம்கூடக் கேட்கவில்லை. கோபத்தை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். திரும்ப வந்தபோது உன் முதுகு முழுக்கப் புண். புரட்டிப் போட அங்கே யார் இருந்தார்கள்? கண் இல்லாதவரும் கை இல்லாதவருமாகச் சேர்ந்து உன்னைத் தூக்கப் பார்த்து, ஒருமுறை கீழே போட்டிருக்கிறார்கள். மழையில் ஷெட்டு ஒழுகி உன் பாய் நனைந்திருந்தது. நீ என்னைப் பார்த்ததும் கையைக் கொஞ்சம் தூக்கினாய். அது சல்யூட்டா, வா என்றா, எனக்குப் புரியவில்லை. நான்கு நாளில் போய்விட்டாய்.

உன்மேல் எனக்குள்ள கோபம் உன்னோடு போகவில்லை. அந்த அதிகாரியின் மேல் உள்ளதும் போகவில்லை. குனிந்து ஒரு காற்சட்டையைத் தொட்டுப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான்காவது மனு எழுதிவிட்டேன். ஆறு என்று இருந்த இடத்தில் ஐந்து என்று எழுதி, ஆறாவது ஆள் எப்படிச் செத்தார் என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இங்கிலீஷ் டீச்சர் திருத்திக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் பணிவா எழுதும்மா" என்றார். "பணிவா இருந்தவருதான் டீச்சர் செத்துட்டாரு" என்றேன். பீரியட் முடியும்வரை வெளியே நிறுத்திவைத்தார்.

மறுபடியும் நேரில் பார்க்க வருவார்கள். அதனால் தினமும் பள்ளி விட்டதும் அப்பாவின் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைகிறேன். நான்தான் ஆபீசர். ஐந்து பேரும் படுத்தே இருக்கவேண்டும். முதல் நாள் நான் வாசலில் செருமியதுமே ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். தேசப்பன் மாமா கம்பத்தில் முட்டிக்கொண்டார்.

"படுங்க" என்று கத்தினேன்.

"ஹவில்தாரு இருந்தா எங்கள இன்னா சொல்வாரு பாப்பா?" என்றார் லாசர் மாமா.

"அவரு இருந்தா நான் அவரச் சொல்வேன். படுங்க."

இன்று லாசர் மாமாவின் பாயருகே போய் நின்றேன். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் உடம்பு எழப் பார்த்தது. இரண்டு கையாலும் பாயின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். வாய் "நல்லா" வரைக்கும் போய் நின்றது. பல்லைக் கடித்தார். நான் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இல்ல சார்" என்றார்.

சொல்லிவிட்டுத் தகரச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரைத் தேற்றியிருக்கலாம். நான் தேற்றவில்லை. தேசப்பன் மாமாவின் பாய்க்குப் போய் அதே கேள்வியைக் கேட்டேன்.