நான் விற்ற கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் காரை ஓடவிடாமல் நிறுத்தக் கோரி

விடுநர்
பெரிய மருத்துவமனைக்கு எதிரில் மருந்துக்கடை நடத்துபவர்,
வயது 54.

பெறுநர்
உயர்திரு வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: இருபத்தாறு ஆண்டுப் பழைய, இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் – அடிச்சட்ட முறிவை மறைத்து விற்றது – வரும் திங்கட்கிழமைக்கு முன் வண்டியைச் சோதனைக்கு அழைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: நான்கு மாதங்களுக்கு முன் நான் கையொப்பமிட்டுக் கொடுத்த பெயர் மாற்றப் படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் புகாருக்கு உள்ளாகும் நபர் மனுதாரராகிய நானே. படிப்பவர் குழம்பிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மேற்படி காரை ஏழாண்டுகளுக்கு முன் பழைய வண்டியாகவே வாங்கினேன். நாளெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன் நான். விளக்கைப் போட்டால் கண் திறப்பதுபோல் மேலெழும்பும் முகப்பு விளக்குகளுக்காகவே அதை வாங்கினேன் என்று சொன்னால் தாங்கள் சிரிக்கலாம். என் மனைவியும் சிரித்தார். அந்தத் தாழ்ந்த இருக்கையில் நான் உட்கார்ந்துவிடுவேன், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். ஆனாலும் ஞாயிறுதோறும் கடை திறக்கும் முன் புறவழிச்சாலை வரை ஓட்டிவிட்டு வருவேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு யாருடைய சர்க்கரை அளவும் நினைவிருக்காது.

3. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் வண்டி வழுக்கிச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. எவருக்கும் காயமில்லை. டிங்கரிங் பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, என்னைக் கீழே குனியவைத்துக் காட்டினார். முன்பக்க இடது சக்கரத்துக்கு உள்ளே, சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் வளைந்து விரிசல் விட்டிருந்தது. அவர் அதை இழுத்து நிமிர்த்தி வெல்டிங் வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், இது ஒட்டுப் போட்ட எலும்பு. நாற்பதுக்கு மேல போகாதீங்க. விக்கிறதா இருந்தா பிரிச்சு உதிரியா வித்துடுங்க. வண்டியா மட்டும் வித்துடாதீங்க.”

4. அதன்பின் அதில் நான் மனைவியை ஏற்றியதில்லை. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள் ஒரு சுற்றுப் போகலாம் என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பெட்ரோல் இல்லை என்றேன். டேங்க் நிறைய இருந்தது. ஆக, அந்த வண்டி எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும், ஐயா. தெரியாது என்று நான் எங்கேயும் வாதாட முடியாது.

5. அதை வாங்கியவர் எதிரிலுள்ள மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பதினான்கு ஆண்டுகளாக என் வாடிக்கையாளர். கடைச் சந்தில் உறைபோட்டு நின்ற வண்டியை அவர் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சம்மதித்தேன். சம்மதித்த வாரத்திலேயே வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூச்சு அடிக்கச் செய்தேன். துருப் பிடிக்காமல் இருக்க என்று அங்கே காரணம் சொன்னேன். வெல்டிங் தழும்பு அதற்குள் மறைந்துபோயிற்று.

6. வண்டி பார்க்க அவர் மகளுடன் வந்தார். பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார், டயர்களைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே படுத்துப் பார்க்கச் சட்டைக் கையை மடித்தார். தரை ஈரமாக இருந்தது. “கீழ எல்லாம் சுத்தம். சட்டை அழுக்காயிடும்” என்றேன். குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். “நீங்க சொன்னா சரிதாண்ணே. உங்க கடையில மருந்து வாங்குறப்ப நான் தேதி பார்க்கிறதே இல்லை” என்றார். எங்கேனும் அடிபட்டதுண்டா என்று ஒரே ஒரு முறை கேட்டார். ஒரு கீறல்கூட இல்லை என்றேன். அவர் மகள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும், என் மகளைவிட ஒரு வயது சிறியவள். கதவைச் சாத்தியவன் நான்.

7. தங்கள் அலுவலகப் படிவத்தில் விபத்து, அடிச்சட்டப் பழுது பற்றிய கட்டத்தில் “இல்லை” என்று எழுதியதும் நானே. எழுத்தர் வாய்விட்டும் கேட்டார். வாய்விட்டும் இல்லை என்றேன். அவர்மீது எந்தத் தவறும் இல்லை.

8. பதினொரு நாள்களுக்கு முன் அவர் இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்தார். விடியற்காலையில் புறவழிச்சாலையில் நூற்றிருபதைத் தொட்டதாகச் சொன்னார். “இருபத்திரெண்டு வருஷமா வேகமாத்தாண்ணே ஓட்டுறேன். பின்னாடி யாராவது முனகிக்கிட்டே இருப்பாங்க. இப்பதான் முதல் தடவையா பக்கத்துல சிரிப்புச் சத்தத்தோட ஓட்டுறேன்” என்றார். வரும் திங்கட்கிழமை மகளைக் கல்லூரியில் சேர்க்க மலைப்பாதை வழியாக அந்தக் காரிலேயே போவதாகவும் சொன்னார். கிளம்பும்போது திரும்பி, ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறதே, என்னவாக இருக்கும் என்று கேட்டார்.

9. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். “டயர்ல காத்துக் குறைஞ்சிருக்கும்” என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

10. மறுநாள் சாலையைக் கடந்து ஆம்புலன்ஸ் நிறுத்தத்துக்குச் சென்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் என்னைத் தோளோடு அணைத்து மற்ற ஓட்டுநர்களிடம், “அந்த வண்டியை இத்தனை வருஷம் குழந்தை மாதிரி வெச்சிருந்தவர் இவர்தான்” என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு நாற்காலி போட்டார்கள். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

11. கடந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மோதியது, வெல்டிங் வைத்தது, பூச்சு அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன், வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். “அண்ணே, வித்த பிறகு மனசு கிடந்து அடிச்சுக்கும், எனக்குப் புரியுது. அதுக்காக வண்டியை உடைஞ்சதுன்னு சொல்லலாமா? என் பொண்ணு அதுக்குப் பேரே வெச்சுட்டா. தரமாட்டேன்” என்று வைத்துவிட்டார். மறுநாள் எழுத்திலும் அனுப்பினேன். பதிலில்லை. பதினான்கு ஆண்டு நான் சொன்னதையெல்லாம் நம்பியவர், நான் சொன்ன ஓர் உண்மையை நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

12. வெல்டிங் வைத்த பட்டறைக்காரரிடம் எழுத்துமூலம் சான்று கேட்டேன். தன் பிழைப்புக்கு வினை வந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்மீது நடவடிக்கை கோரவில்லை. எனக்கு உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

13. ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) திங்கட்கிழமை விடியும் முன், அதாவது நாளைக்கோ சனிக்கிழமையோ, அந்த வண்டியைச் சோதனைக்கு அழைக்க வேண்டுகிறேன். அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நான் அழைத்தால் வரமாட்டார், தாங்கள் அழைத்தால் வருவார்.

(ஆ) முன் இடது சக்கரத்தைக் கழற்றி, உள்ளே நான்கு விரற்கடை தூரத்தில் கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கச் சொல்ல வேண்டுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது, தெரியாதபடி செய்திருக்கிறேன்.

(இ) பொய்யான உறுதிமொழி அளித்ததற்காகச் சட்டப்படி என்மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். வண்டியை வழக்கமான சோதனைக்கு அழைத்ததாக அவரிடம் சொல்ல வேண்டாம். யார் புகார் கொடுத்தது என்று கேட்டால் என்னைச் சொல்லுங்கள். அவர் மகள் உடன் வந்திருந்தால் அவள் எதிரிலேயே சொல்லுங்கள்.

14. இம்மனுவின் முதல் வரைவில் “கவனக்குறைவால்” என்று ஒரு சொல்லை எழுதியிருந்தேன். என் மனைவி படித்துப் பார்த்தார். விற்ற விவரம் முழுவதும் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. “கவனமாத்தானே செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டார். அச்சொல்லை அடித்துவிட்டேன். அதன்பிறகே அவர் சாட்சியாகக் கையொப்பமிடச் சம்மதித்தார். அன்று முதல் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கடைச் சாவியை மேசைமேல் வைக்கிறார், கையில் கொடுப்பதில்லை.

15. சோதனை நடக்கும்போது நானும் அங்கே இருப்பது முறை. வெல்டிங் வைத்த இடத்தை என் விரலால் தொட்டுக் காட்டினால் ஒருவேளை அவர் நம்பலாம். எனவே எந்த நேரமானாலும் ஆளனுப்பி என்னைக் கடையிலிருந்து கூட்டிச் செல்ல உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். நானாகவே வந்துவிடுவேன் என்று எழுத உட்கார்ந்தேன், ஐயா. இத்தனைக்கும் பிறகு அந்த வாக்கியத்தைத் தங்களுக்கு எழுதித்தர எனக்குத் துணிவு வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
(ஒப்பம்)
மருந்துக்கடைக்காரர்

சாட்சி: (ஒப்பம்) மனுதாரரின் மனைவி

இடம்: மருந்துக்கடை
நாள்: வியாழக்கிழமை, காலை. நேரில் கொடுக்கப்படுகிறது.