இரவல் டப்பா

மார்ச் 3, திங்கள்

கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை மருத்துவ முகாமுக்கு வர வேண்டுமாம். வரும்போது அவரவர் மலம், ஒரு டப்பாவில். குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து டப்பா டப்பாவாகத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு டப்பாவை யாரும் கேட்டதில்லை.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "கிடங்கு மேனேஜர் ரிட்டயர் ஆகப் போறார். அந்த நாற்காலி உங்களுக்குத்தான். மெடிக்கல் மட்டும் க்ளீனா இருக்கட்டும்."

மட்டும்! சொல்லும்போதே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்வை நடுவில் வயிற்றில் கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுத்தான் கீழே இறங்கியது.

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் ஒருத்தி கேள்வித்தாளோடு வந்தாள். தலைப்பு 'அபாயக் காரணிகள்'. சிகரெட்? ஆமாம். மது? "எப்பவாவதுதான்" என்றேன். பின்னால் நின்ற லோடுமேன் இருமினான். எடையைக் கேட்கவே இல்லை, பார்த்து எழுதிக்கொண்டாள். உட்கார்ந்தே வேலையா என்பதற்கு என் நாற்காலியின் குழிவைப் பார்த்து ஒரு டிக். வறுத்த இறைச்சி, காய்கறியோடு பகை, தூக்கம் குறைவு, எல்லாவற்றுக்கும் டிக். வயது ஐம்பத்திநாலு என்றேன். அதற்கும் ஒன்று.

"வயசானதுக்குமா? நான் என்ன வேணும்னேவா வயசானேன்?"

"அதுவும் பெரிய காரணம்தான் சார்."

ஒரே ஒரு கட்டம்தான் காலி: குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா. எங்கள் வீட்டில் எல்லோரும் எண்பது தாண்டி, வயிறாரத் தின்று, வாயாரச் சண்டை போட்டுவிட்டுத்தான் போனார்கள். மற்றபடி நான் வகுப்பில் முதல் மாணவன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

விளையாட்டாக எழுதுகிறேன். நாற்காலி போய்விடுமோ என்றுதான் பயம்.

மார்ச் 5, புதன்

பத்தியத்திடம் பேசினேன்.

பத்தியம் என் பழைய நண்பன். தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். புகை இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை, உப்பு பாதி. மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததே தெரியாது, வாசனை வந்தால்தானே. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவான். நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, சிகரெட் முடித்துத் திரும்பும்போதும் மென்றுகொண்டிருப்பான். பத்தியம் என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இவனைவிடச் சுத்தமான குடல் இந்தக் கம்பெனியில் யாரிடம் இருக்கப் போகிறது? வயது நாற்பத்தொன்பது, முகாம் பட்டியலில் அவன் பெயரும் இல்லை. கேட்டே விட்டேன்: என் பெயரில் கொடுக்க உன்னுடையதைத் தருவாயா?

மெல்லுவதை நிறுத்தினான். பழகிய இத்தனை வருஷத்தில் முதல் தடவை. திட்டப் போகிறான் என்று நினைத்தேன். முகத்தில் மெல்ல ஒரு பெருமைதான் பரவியது, ஏதோ கண்காட்சியில் வைக்கக் கேட்டது மாதிரி.

"தரேன்டா. ஆனா ஒரு மாசம் நான் சொல்ற புத்திமதிய எதிர்த்துப் பேசாம கேக்கணும்."

சரி என்றேன். ஒரு நாற்காலிக்காக மனிதன் எதை எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கைமாற்றினான். பழுப்பு உறைக்குள் டப்பா. "வாழ்க்கையில மொத தடவையா உன் பேர்ல நல்ல சரக்கு போகுது" என்றான். என் பெயர்ச் சீட்டை ஒட்டிக் கொடுத்தேன். நர்ஸ் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நிம்மதியாக ஒரு சிகரெட். சரி, இரண்டு.

மார்ச் 10, திங்கள்

புத்திமதி: எண்ணெய்.

மார்ச் 11, செவ்வாய்

புத்திமதி: உப்பு. இவன் பேசுவதைக் கேட்பதற்குப் பதில் நோயே வரலாம்.

மார்ச் 18, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது. 'கண்ணுக்குத் தெரியாத ரத்தம்: உண்டு.' ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டுமாம். அதுவரை நாற்காலி நிறுத்திவைப்பு.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அடப்பாவி, உன்னை நம்பி வாங்கினேனே! என் சொந்தச் சரக்கையே கொடுத்திருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

வீட்டில் ரிப்போர்ட்டை மட்டும் காட்டினேன், டப்பா கதையைச் சொல்லவில்லை. மனைவி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மார்ச் 20, வியாழன்

நோயாளி வாழ்க்கை ஒன்றும் மோசமில்லை. மனைவி சண்டைக்கு வருவதில்லை. டிவி ரிமோட் என் கையில். பல வருஷமாகப் பேசாத மைத்துனன் ஆப்பிளோடு வந்து, "மனசுல எதையும் வச்சுக்காதீங்க மாமா" என்றான். ஆப்பிளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பத்தியம் வந்தான். என் மனைவி எதிரில் கண் கலங்கினான். "தலபாடா அடிச்சிக்கிட்டேனேடா, கேட்டியா? இப்ப யாரு அனுபவிக்கிறது?"

நான் அவனையே பார்த்தேன். டேய், அது உன்னுடையதுடா! நடிக்கிறானோ என்று பார்த்தால், இல்லை, நிஜக் கண்ணீர். ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது. சிகரெட் பிடிப்பவன் நான். எனவே நோய் எனக்கு. டப்பாவைக் கொடுத்த கையே அதை மறந்துவிட்டது.

அவன் போன பிறகு ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். டிவியை அணைத்தேன். இரண்டு நாளாக என் நாற்காலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேனே... ரத்தம் அவனுடையது. அப்படியென்றால் அவனுக்கு—

நான் என்ன மனுஷன்?

மார்ச் 21, வெள்ளி

ஷெட்டுக்குப் பின்னால் அவனை நிறுத்திச் சொன்னேன். "ரத்தம் உன்னோடதுடா."

சிரித்தான். "டப்பாவ எங்க வச்சிருந்த?"

"வண்டிப் பெட்டியில."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"சிகரெட் பாக்கெட்."

"பாத்தியா! அதான்."

சிகரெட் பாக்கெட்டுக்கு ரத்தம் வருமா? "உனக்கு எப்பவாவது ரத்தம் போகுதா?" என்று நேராகக் கேட்டேன்.

"அது சூடுடா. உடம்புச் சூடு. வெயில் காலத்துல எல்லாருக்கும்தான் போகும்."

"குளிர்லயும் போச்சா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உங்கப்பா எதில் போனார் என்றேன். வயிற்று வலி என்றான். "அவரு உன்ன மாதிரிடா. கண்டதையும் தின்னுவாரு." எத்தனை வயதில் என்றேன். ஐம்பத்தொன்று என்று சொல்லிவிட்டு மெல்ல ஆரம்பித்தான். வாயில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

எனக்குக் குழாய் விட்டார்கள். நேற்று முழுக்க ஒரு குடம் மருந்துத் தண்ணீரைக் குடித்துக் கழிவறையிலேயே குடியிருந்தேன். தின்றது, தின்ன நினைத்தது எல்லாம் போய்விட்டது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். குடல் சுத்தமாக இருக்கிறதாம். ஒரு சின்ன முளைகூட இல்லையாம். "இதை வச்சுக்கிட்டு ஆடாதீங்க. புகையும் எடையும் இதய நோய்க்கும் நுரையீரலுக்கும் தனியா கணக்கு வச்சிருக்கும்" என்றார். பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "அப்ப அந்த ரத்தம் எங்கிருந்து வந்துச்சு?"

நான் விளக்கைப் பார்த்தேன். சில சமயம் இப்படித் தப்பாகவும் காட்டும் என்று அவரே சொல்லி, தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாற்காலி என்னுடையது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பத்தியத்தின் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், டப்பா உட்பட. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதையா குடுத்தாரு? எனக்கு ஒரு சேலை எடுத்துத் தர ஆறு மாசம் யோசிப்பாரு அண்ணே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மடித்த துணியை மறுபடி பிரித்து, "எத்தனையோ தடவ நானும் பாத்திருக்கேன் அண்ணே. சூடுன்னாரு. நானும் இளநீர் வாங்கிக் குடுத்தேன்" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

பத்தியத்தை அவன் மனைவி காலையில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அதே டாக்டரம்மாவிடம். டப்பா விஷயம் வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று மிரட்டி, அவள் வாயைக் கட்டியிருக்கிறான். உள்ளே போய்த் தன் புராணத்தை எடுத்துவிட்டிருக்கிறான்: புகை கிடையாது, குடி கிடையாது, வேகவைத்த காய். கேள்வித்தாளில் ஒரு டிக் இல்லை. ரத்தம் வெறும் வெயில் சூடு என்றிருக்கிறான். அப்பாவைப் பற்றியும் மூச்சு விடவில்லை. டாக்டரம்மா அசந்துபோய், "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்று பாராட்டி, மூலத்துக்குக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

களிம்பு!

எனக்கு டிக் அதிகம் என்று குடலெல்லாம் துழாவிப் பார்த்தவர், அவனுக்கு நல்ல பையன் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். மத்தியானம் அந்தக் களிம்பை மேஜை மேல் வைத்துக்கொண்டு மென்றான், மெடல் வாங்கியவன் மாதிரி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயமா இருக்குடா. உனக்கு ஏன்டா பயமா இல்ல?

ஏப்ரல் 10, வியாழன்

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்பாவையும், குளிர்கால ரத்தத்தையும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "நேத்து வந்தவரை இன்னைக்கே வரச் சொல்லு" என்றார். என்னிடம், "முகாம் ரிப்போர்ட் தப்புன்னு உங்க கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணும்" என்றார்.

எழுதுங்கள் என்றேன். வீரமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மேனேஜர் விசாரணை. பத்தியத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவனுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்றேன்.

"தெரியாமன்னா... எப்படி?"

"அத விளக்கமா சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று கையை உயர்த்திவிட்டார். அதோடு பத்தியம் தப்பித்தான். எனக்கு மட்டும் தீர்ப்பு: "சரக்கை மாத்துற ஆள்கிட்ட கிடங்குச் சாவியைக் குடுக்க முடியாது." நியாயம்தான். நாற்காலி பில்லிங் பையனுக்குப் போகிறது. அவனுக்கு உட்காரவே இன்னும் ஒழுங்காகத் தெரியாது.

மனைவிக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ரிமோட் பறிமுதல்.

பத்தியம் என்னோடு பேசுவதில்லை. காட்டிக்கொடுத்தவனாம்.

ஏப்ரல் 24, வியாழன்

இருக்கிறது. பத்தியத்துக்கும் குழாய் விட்டுப் பார்த்ததில், குடலில் ஒரு கட்டி. புற்றுதான்.

மே 5, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெளியே பரவவில்லையாம், நேரத்தோடு வந்திருக்கிறாராம். டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனதும் அவன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு பேர் அழுதால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மே 8, வியாழன்

மூன்று நாளாகச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறானாம். கஞ்சி குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி போன் செய்து அழைத்தாள். போனேன்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலடா."

"அப்புறம் எனக்கு ஏன்?"

எனக்கு என்ன தெரியும்? கேள்வித்தாளில் அவன் காலியாக விட்ட கட்டங்களுக்கு மார்க் கிடையாது, அவன் அப்பா அந்தக் குடும்பக் கட்டம் ஒன்றிலேயே எல்லா மார்க்கையும் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? காலம் பூராவும் பிடித்ததைத் தின்னாமல் இருந்தவன் அவன்.

மெதுவாகத் தலையைத் திருப்பினான். "உனக்குக் குழாய் விட்டாங்களே. என்ன வந்துச்சு?"

இத்தனை நாள் அவன் இதைக் கேட்டதே இல்லை. அவன் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

"எனக்கும் இருந்துச்சுடா" என்றேன். "மூணு. முளை முளையா. வெட்டிட்டாங்க. திரும்பவும் வரும்னு சொல்லியிருக்காங்க."

"மூணா?"

"மூணு."

அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது. "நான் அப்பவே சொன்னேனா இல்லயா? வறுத்ததத் தின்னாதடான்னு சொன்னேனா இல்லயா?" தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தான். அவன் மனைவி இதுதான் சமயமென்று ஸ்பூனை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். மென்றான். கஞ்சியை யாராவது மெல்லுவார்களா?

எண்ணெயிலிருந்து ஆரம்பித்து முழுப் புத்திமதியும் கேட்டேன். எதிர்த்துப் பேசவில்லை.

மே 10, சனி

வராண்டாவில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் போனேன். "நேரா நில்லு. வயித்த உள்ள இழு. பாரு, நாலு எட்டு வைக்கல, மூச்சு வாங்குது உனக்கு" என்றான். வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாங்குவது போல நின்றேன். அவன் என்னைத் தாண்டி நடந்தான்.